பிரிட்ஜை நீக்கினால் கெர்னல் விழுகிறது: டெல்_டைமரா, டெல்_டைமர்_சிங்கா?

கேள்வியை முதலில் சுருக்கிச் சொல்லிவிடுகிறேன். ரவுட்டர் ஒன்றுக்காக, வெண்டர் கொடுத்த பழைய 4.x லினக்ஸ் கெர்னலில் வேலை செய்கிறீர்கள். அதன் பிரிட்ஜ் கோடில், அதாவது பல நெட்வொர்க் போர்ட்டுகளை ஒன்றாக இணைக்கும் மென்பொருள் ஸ்விட்சின் கோடில், வெண்டர் கை வைத்திருக்கிறார். பிரிட்ஜை உருவாக்கி, எஸ்டிபி-யை (நெட்வொர்க்கில் வட்டப் பாதை உருவாகாமல் தடுக்கும் நெறிமுறை) ஆன் செய்து, உடனே நீக்கும் டெஸ்ட் ஸ்கிரிப்டை ஓடவிட்டால் சில நிமிடங்களில் கெர்னல் பேனிக் ஆகிறது. டிரேஸில் பிரிட்ஜின் பெயரே இல்லை, டைமர் சாஃப்ட்ஐஆர்க்யூ (நேரம் முடிந்த டைமர்களைக் கெர்னல் ஓட்டும் இடம்) மட்டும்தான் தெரிகிறது. நீக்கும் ஃபங்ஷனில், பிரிட்ஜ் லாக்குக்குள், டைமரை நிறுத்தும் டெல்_டைமர் ஒன்றைச் சேர்த்தீர்கள். பேனிக் குறைந்தது, ஆனால் நிற்கவில்லை. அதை டெல்_டைமர்_சிங்க் என்று மாற்றியதும் மெஷின் எப்போதாவது உறைந்துவிடுகிறது. ஸ்கிரிப்டில் நீக்குவதற்கு முன் மூன்று விநாடி காத்திருந்தால் எந்தப் பிரச்சினையும் வருவதில்லை. இரண்டில் எது சரி என்று கேட்கிறீர்கள். ஆனால் நீங்கள் விவரித்த அறிகுறிகளைச் சேர்த்துப் பார்த்தால், தெரிய வேண்டியது வேறு: அந்த டைமரை முடுக்குவது யார், எந்த நிலையில் இருக்கும் பிரிட்ஜில் முடுக்குகிறார்?

ரவுட்டர், ஸ்விட்ச் சாதனங்களின் கெர்னல் வேலையில் பல வருஷமாக இருக்கிறேன், அந்த அனுபவத்தில் சொல்கிறேன். ஃபங்ஷன் பெயர்களை ஒலிப்பின்படி எழுதுகிறேன், சோர்ஸில் தேடும்போது மாற்றிக்கொள்ளுங்கள்.

உறுதியாகச் சொல்லக்கூடியதிலிருந்து ஆரம்பிக்கலாம். பிரிட்ஜின் டைமர்கள் தனி மெமரியில் இருப்பதில்லை. பிரிட்ஜைக் குறிக்கும் ஸ்ட்ரக்ட்டின் உள்ளேயே, அதன் உறுப்புகளாக இருக்கின்றன. டைமரை முடுக்கியதும் கெர்னலின் டைமர் பட்டியல் அந்த முகவரியைப் பிடித்துக்கொள்கிறது. பிரிட்ஜை நீக்கும்போது ஸ்ட்ரக்ட்டின் மெமரி விடுவிக்கப்படுகிறது. டைமர் ஓடிக்கொண்டிருந்தால் பட்டியலில் அந்த முகவரி அப்படியே இருக்கும். நேரம் வந்ததும் கெர்னல் அங்கே போய், எந்த ஃபங்ஷனைக் கூப்பிட வேண்டும் என்று படிக்கிறது. அதற்குள் அந்த மெமரி வேறு யாருக்கோ போயிருக்கும். டிரேஸில் பிரிட்ஜின் பெயர் வராததற்குக் காரணம் இதுதான். ஸ்லாப் பாய்சனிங் (விடுவித்த மெமரியை ஒரே பைட்டால் நிரப்பிவைக்கும் வசதி) ஆன் செய்த கெர்னலாக இருந்தால், ஆறு-பி, ஆறு-பி என்று ஒரே பைட் திரும்பத் திரும்ப வரும் முகவரியில் விழுந்திருக்கும். விடுவித்த மெமரியைத் தொட்டதற்கு அது நேரடி அடையாளம்.

உறுதியில்லாதது, எந்த டைமர் என்பது. நீங்கள் கொடுத்த டிரேஸின் கடைசிப் பத்து வரியை வைத்து யாராலும் அதைச் சொல்ல முடியாது. பிரிட்ஜுக்கு என்று ஹலோ டைமர், டிசிஎன் (டோப்பாலஜி மாற்ற அறிவிப்பு) டைமர், டோப்பாலஜி மாற்ற டைமர் மூன்று. ஒவ்வொரு போர்ட்டுக்கும் மெசேஜ் ஏஜ், ஃபார்வர்ட் டிலே, ஹோல்ட் என்று மூன்று. மல்ட்டிகாஸ்ட் பக்கம் தனிக் கூட்டம். இதற்கு மேல் உங்கள் வெண்டர் சேர்த்தது எத்தனையோ. ஆனாலும் என் சந்தேகம் ஹலோ டைமர் மேல்தான். அந்த மூன்று விநாடி விஷயம்தான் காரணம், அதற்குக் கீழே வருகிறேன்.

முதலில் டெல்_டைமரும் அதன் சிங்க் வடிவமும். டெல்_டைமர், காத்திருக்கும் டைமரைப் பட்டியலிலிருந்து எடுத்துவிடும், அவ்வளவுதான். அந்த நேரத்தில் இன்னொரு சிபியு-வில் ஹேண்ட்லர் (நேரம் வந்ததும் கூப்பிடப்படும் ஃபங்ஷன்) ஏற்கனவே ஓட ஆரம்பித்திருந்தால் அதைப் பற்றி அதற்குக் கவலையில்லை, உடனே திரும்பிவிடும். நீங்கள் அடுத்த வரியில் மெமரியை விடுவித்தால் அந்த ஹேண்ட்லர் காற்றில் நிற்கும். பேனிக் குறைந்தும் முழுசாக நிற்காததற்கு இது ஒரு காரணமாக இருக்கலாம். டெல்_டைமர்_சிங்க், ஓடிக்கொண்டிருக்கும் ஹேண்ட்லர் முடியும்வரை காத்திருக்கும். ஹேண்ட்லர் தன்னைத் தானே திரும்ப முடுக்கிக்கொண்டால்கூட மறுபடி எடுத்துவிட்டுத்தான் திரும்பும். ஆனால் வேறொரு வழியில் யாராவது மாட்_டைமர் கூப்பிட்டு முடுக்கினால் அதைத் தடுக்க அதனால் முடியாது. மாட்_டைமர் என்ற பெயரைப் பார்த்துவிட்டு, ஏற்கனவே ஓடும் டைமரின் நேரத்தை மாற்றுவது மட்டும்தான் அதன் வேலை என்று பலர் நினைத்துக்கொள்கிறார்கள். ஓடாத டைமரையும் அது முடுக்கிவிடும். ஓடினால் மட்டும் மாற்று என்பதற்கு மாட்_டைமர்_பெண்டிங் என்று தனியாக ஒன்று இருக்கிறது.

மெஷின் உறைந்தது ஏன் என்பதில் எனக்குச் சந்தேகமே இல்லை. பிரிட்ஜின் எஸ்டிபி டைமர் ஹேண்ட்லர்கள் எல்லாம் உள்ளே நுழைந்ததும் முதல் வேலையாகப் பிரிட்ஜ் லாக்கைத்தான் எடுக்கின்றன. நீங்கள் அதே லாக்கைப் பிடித்துக்கொண்டு டெல்_டைமர்_சிங்க் கூப்பிட்டிருக்கிறீர்கள். உள்பக்கம் தாழ் போட்டுக்கொண்டு, வெளியே நிற்பவர் இன்னும் ஏன் வரவில்லை என்று காத்திருப்பது போலத்தான். ஒரு சிபியு-வில் ஹேண்ட்லர் லாக்குக்காகச் சுற்றுகிறது; இன்னொன்றில் நீங்கள் ஹேண்ட்லருக்காகச் சுற்றுகிறீர்கள். ஒவ்வொரு முறையும் உறையாமல் எப்போதாவது மட்டும் உறைவதும் இதனால்தான்: நீங்கள் லாக்குக்குள் இருக்கும் அந்தச் சின்ன இடைவெளியில் டைமர் வெடிக்க வேண்டும்.

மெயின்லைன் கெர்னலில், அதாவது வெண்டர் கை வைக்காத மூல லினக்ஸில், பிஆர்_எஸ்டிபி_டிசேபிள்_பிரிட்ஜ் என்ற ஃபங்ஷனைத் திறந்து பாருங்கள். சின்ன ஃபங்ஷன்தான், ஆனால் வரிசை முக்கியம். லாக்கை எடுக்கிறது. எல்லாப் போர்ட்டையும் டிசேபிள் நிலைக்குக் கொண்டுபோகிறது. டோப்பாலஜி மாற்றக் கொடிகளை அணைக்கிறது. லாக்கை விடுகிறது. அதற்குப் பிறகுதான் மூன்று டைமருக்கும் ஒவ்வொரு டெல்_டைமர்_சிங்க் (புதிய கெர்னல்களில் அதன் பெயர் டைமர்_டிலீட்_சிங்க்). முதல் பாதிதான் சூட்சுமம். பிரிட்ஜைக் கீழே இறக்கும்போது கோர் நெட்வொர்க் கோடு முதலில் டிரைவரின் ஸ்டாப் ஃபங்ஷனைக் கூப்பிட்டுவிட்டு, அதன் பிறகுதான், பிரிட்ஜ் அப்பில் இருப்பதைக் குறிக்கும் ஐஎஃப்எஃப்_அப் கொடியை எடுக்கிறது. அதாவது இந்த ஃபங்ஷன் ஓடும்போது பிரிட்ஜ் இன்னும் அப் என்றுதான் கொடி சொல்லும். அந்த நேரத்தில் ஒரு பிபிடியு (எஸ்டிபி அனுப்பும் செய்தி) வந்து சேர்ந்தால், அதைக் கையாளும் கோடு டோப்பாலஜி டைமரை முடுக்கிவிட வாய்ப்பிருக்கிறது. அது நடக்காமல் இருப்பது, அந்தக் கோடு லாக்கை எடுத்த பிறகு போர்ட் டிசேபிளா என்று பார்த்துத் திரும்பிவிடுவதால். முடுக்கும் வழியை லாக்குக்குள் அடைத்துவிட்டு, லாக்குக்கு வெளியே வந்து காத்திருக்கிறார்கள். உங்கள் கோடில் இந்த இரண்டும் ஒன்றாகக் குழம்பிவிட்டன.

இப்போது அந்த மூன்று விநாடி. உங்கள் ஸ்கிரிப்ட் பிரிட்ஜை உருவாக்குகிறது, எஸ்டிபி-யை ஆன் செய்கிறது, நீக்குகிறது. நடுவில் பிரிட்ஜை அப் செய்வதே இல்லை, கவனித்தீர்களா? மெயின்லைனில் இதே தவறு 2017-இல் நடந்து, அந்த வருஷமே சரி செய்யப்பட்டது. அந்தக் கதை 2015-இல் ஆரம்பிக்கிறது. எஸ்டிபி-யை யூசர்ஸ்பேஸில் இருக்கும் டீமன் கவனித்துக்கொள்ளும்போது கெர்னலின் ஹலோ டைமரும் ஹோல்ட் டைமரும் வீணாக ஓட வேண்டாம் என்று ஒரு பேட்ச் போனது. நியாயமான பேட்ச். அதன் விளைவாக, பிரிட்ஜை அப் செய்யும் நேரத்தில் கெர்னல் எஸ்டிபி ஆனில் இருந்தால் மட்டும்தான் ஹலோ டைமர் கிளம்பும் என்றானது. அப் செய்துவிட்டுப் பிறகு எஸ்டிபி-யை ஆன் செய்தவர்களுக்கு டைமர் கிளம்பவே இல்லை. பிரிட்ஜை ஒருமுறை டவுன் செய்து மறுபடி அப் செய்தால்தான் வேலை செய்தது. 2017-இல் அதைச் சரி செய்தார்கள்: எஸ்டிபி-யை ஆன் செய்யும் பிஆர்_எஸ்டிபி_ஸ்டார்ட் ஃபங்ஷனிலேயே மாட்_டைமர் கூப்பிட்டுவிடுவது. இதுவும் நியாயம்தான். ஆனால் பிரிட்ஜ் அப்பில் இருக்கிறதா என்று அங்கே யாரும் பார்க்கவில்லை. டைமர்களை நிறுத்தும் இடமோ டவுன் செய்யும் வழியில் இருக்கிறது. அப்பே ஆகாத பிரிட்ஜை நீக்கினால் அந்த வழியாகப் போகவே மாட்டோம். டைமர் ஓடிக்கொண்டிருக்க மெமரி போய்விடும்.

அடுத்து வந்த திருத்தம் ஒரே ஒரு நிபந்தனை: ஐஎஃப்எஃப்_அப் இருந்தால் மட்டும் முடுக்கு. அதோடு, பிரச்சினையை வரவழைக்க ஒரு லூப்பும் கொடுத்திருந்தார்கள். ஹலோ நேரம் 100 என்று வைத்து பிரிட்ஜை உருவாக்கு, எஸ்டிபி ஆன் செய், நீக்கு, திரும்பச் செய். உங்கள் ஸ்கிரிப்ட் கிட்டத்தட்ட அதேதான். காத்திருந்தால் ஏன் வருவதில்லை என்பதும் இதில் அடங்கிவிடுகிறது. ஹலோ டைமரின் ஹேண்ட்லர் ஓடும்போது பிரிட்ஜ் அப்பில் இல்லை என்று பார்த்தால் ஒன்றும் செய்யாது, தன்னைத் திரும்ப முடுக்கிக்கொள்ளவும் செய்யாது. அதாவது ஒரே ஒரு வெடி, அதுவும் புஸ்வாணம். இயல்பான ஹலோ நேரம் 2 விநாடி. நீங்கள் 3 விநாடி காத்திருந்தால் அது பத்திரமாக வெடித்து ஓய்ந்துவிடுகிறது. உங்கள் அறிகுறி இவ்வளவு துல்லியமாகப் பொருந்துவதால்தான் ஹலோ டைமர் என்றேன். ஆனாலும் இது ஊகம்தான். வெண்டர் சேர்த்த ஒரு 2 விநாடி டைமரும் இதே மாதிரி நடந்துகொள்ளும்.

அதனால் முதலில் உங்கள் மரத்தில் பிஆர்_எஸ்டிபி_ஸ்டார்ட்டைப் பாருங்கள். மாட்_டைமர் இருக்கிறதா, அதற்கு முன் அப் நிபந்தனை இருக்கிறதா? வெண்டர்கள் பேட்ச்களைப் பொறுக்கி எடுத்துச் சேர்க்கும்போது 2017-இன் முதல் திருத்தம் வந்து இரண்டாவது விட்டுப்போவது நடக்கக்கூடியதுதான். நிபந்தனை இல்லையென்றால் அந்த ஒரு வரியைச் சேர்த்துவிட்டு, நீங்கள் நீக்கும் ஃபங்ஷனில் சேர்த்த டெல்_டைமரை எடுத்துவிடுங்கள். இருந்துவிட்டுப் போகட்டும் என்று தோன்றும். லாக் பிடிக்காமல் கூப்பிட்டால் டெல்_டைமர்_சிங்க்கால் கெடுதல் இல்லை என்பதும் உண்மை. இருந்தாலும் நான் வைக்க மாட்டேன். டவுனில் இருக்கும் பிரிட்ஜில் டைமர் ஓடக் கூடாது என்பது விதியென்றால், அதை மீறும் அடுத்த பேட்சை இந்த வரி மூடி மறைத்துவிடும். ஸ்கிரிப்டில் இருக்கும் அந்தக் காத்திருப்பையும் எடுத்துவிடுங்கள், அது பிழை வெளியே வராமல்தான் காவல் காக்கிறது.

பிறகு பிரிட்ஜ் டைரக்டரி முழுக்க மாட்_டைமரையும் ஆட்_டைமரையும் தேடி ஒவ்வொன்றுக்கும் எழுதிக்கொள்ளுங்கள்: எந்த லாக்கின் கீழ் முடுக்கப்படுகிறது, முடுக்கும் முன் எந்த நிலையைப் பார்க்கிறது, அந்த நிலையை மாற்றுபவர் அதே லாக்கின் கீழ்தான் மாற்றுகிறாரா? இதற்கு விடை எழுத முடியாத டைமர் எதுவோ அங்கேதான் பிழை இருக்கும். அலுப்பான வேலைதான். ஆனால் ஒரு மதியத்தில் முடிந்துவிடும். பேனிக் டிரேஸ்களைப் பார்த்துக்கொண்டு ஒரு வாரம் உட்கார்ந்தாலும் இது கிடைக்காது.

தேடும்போது ஒன்று உங்களைக் குழப்பும். போர்ட்டை டிசேபிள் செய்யும் ஃபங்ஷனில் லாக்குக்குள்ளேயே, சிங்க் இல்லாத வெறும் டெல்_டைமர்தான் இருக்கும். அது பிழை இல்லை. மெசேஜ் ஏஜ் ஹேண்ட்லர் லாக் கிடைத்ததும் போர்ட் டிசேபிள் ஆகிவிட்டதா என்று பார்த்துத் திரும்பிவிடும். ஃபார்வர்ட் டிலே ஹேண்ட்லர் லிசனிங், லேர்னிங் என்ற இரண்டு நிலைகளில் மட்டும்தான் ஏதாவது செய்யும். லிசனிங்கில் இருந்தால் லேர்னிங்குக்கு மாற்றித் தன்னை இன்னொரு முறை முடுக்கிக்கொள்ளும், லேர்னிங்கில் இருந்தால் ஃபார்வர்டிங்குக்கு மாற்றும். இயல்பான 15 விநாடி இரண்டு தடவை, கேபிளைச் சொருகியதும் 30 விநாடி காத்திருக்க வைப்பது இதுதான். போர்ட்டின் மெமரியும் உடனே போவதில்லை, ஆர்சியு கிரேஸ் பீரியட் (அதைப் படித்துக்கொண்டிருப்பவர்கள் எல்லாம் முடிக்கும்வரை கெர்னல் காத்திருக்கும் நேரம்) முடிந்த பிறகுதான் விடுவிக்கப்படும். அந்த ஏற்பாடுகள் எல்லாம் சேர்ந்துதான் அங்கே வெறும் டெல்_டைமரைப் போதுமானதாக்குகின்றன. நேரடியாக கேஃப்ரீ செய்யும், அதாவது மெமரியை உடனே விடுவிக்கும், வெண்டர் ஸ்ட்ரக்ட்டுக்கு அந்த வரியை மட்டும் காப்பியடித்தால் மறுபடி இதே இடத்துக்குத்தான் வருவீர்கள்.

லாக்கை விட்டு வெளியே வரவே முடியாத இடங்களும் உண்டு. மல்ட்டிகாஸ்ட் குழுக்களின் டைமர்கள் அப்படிப்பட்டவை: குழுவை நீக்க வேண்டும் என்று தெரிவதே மல்ட்டிகாஸ்ட் லாக்குக்குள் இருக்கும்போதுதான். 2020-இல் மெயின்லைனில் இதற்குச் செய்தது எனக்கு மிகவும் பிடித்த ஏற்பாடு. நீக்க வேண்டியதைப் பட்டியலிலிருந்து கழற்றி ஒரு குப்பைப் பட்டியலில் போட்டுவிடுகிறார்கள். பிறகு ஒரு வொர்க்க்யூ வேலை வந்து, லாக் இல்லாமல் நிதானமாக டைமரை நிறுத்திவிட்டு மெமரியை விடுகிறது. வெண்டர் கோடில் லாக்குக்குள் நீக்கும் ஸ்ட்ரக்ட் ஏதாவது இருந்தால் இதே வழியைப் பின்பற்றலாம். ஒரு எச்சரிக்கை: அந்த வேலை ஆர்டிஎன்எல் லாக்கை (நெட்வொர்க் அமைப்பு மாற்றங்களுக்கான பொது லாக்) எடுப்பதாக இருந்தால், பிரிட்ஜை நீக்கும் வழியில் அது முடியக் காத்திருக்க முடியாது. நீக்குபவர் ஏற்கனவே ஆர்டிஎன்எல்-ஐப் பிடித்திருப்பார், டெட்லாக் திரும்ப வரும்.

6.2 கெர்னலில் டைமர்_ஷட்டவுன்_சிங்க் என்று ஒன்று வந்தது. நிறுத்துவதோடு, அதன் பிறகு யார் மாட்_டைமர் கூப்பிட்டாலும் சத்தமில்லாமல் புறக்கணித்துவிடும். மெமரியை விடப் போகும் இடத்தில் அருமையான கருவி. உங்கள் 4.x-இல் அது இல்லை, கொண்டுவரவும் முயல வேண்டாம். டைமர் கோரையே தொட வேண்டியிருக்கும். புதிய கெர்னலுக்கு மாறினாலும் பிரிட்ஜை டவுன் செய்யும் வழியில் அதைப் போட்டுவிடாதீர்கள். டவுன் ஆன பிரிட்ஜ் மறுபடி அப் ஆகும், அப்போது ஹலோ டைமர் எந்த எரர் மெசேஜும் இல்லாமல் செத்துக் கிடக்கும். இன்னொன்று, 4.15-இல் டைமர் ஹேண்ட்லரின் வடிவமே மாறியது. முன்பு ஒரு லாங் எண் வந்தது, பிறகு டைமரின் பாயின்ட்டரே வருகிறது. புதிய பேட்சைப் பழைய மரத்துக்குக் கொண்டுவரும்போது கை தவறும் இடம் அது.

சரிபார்க்க, கெர்னலை டீபக்_ஆப்ஜெக்ட்ஸ்_டைமர்ஸ், டீபக்_ஆப்ஜெக்ட்ஸ்_ஃப்ரீ இரண்டும் ஆன் செய்து ஒருமுறை பில்ட் செய்யுங்கள். ஓடும் டைமரோடு மெமரியை விட்ட அந்த நொடியிலேயே எச்சரிக்கை வரும், ஹேண்ட்லரின் பெயரும் அதில் இருக்கும். எந்த டைமர் என்று நானும் நீங்களும் ஊகித்துக்கொண்டிருக்க வேண்டாம். உறைந்துபோகும் பிரச்சினைக்கு லாக்டெப், அதாவது கெர்னலிலேயே இருக்கும் லாக் சோதிப்பான். டெல்_டைமர்_சிங்க்கும் ஹேண்ட்லரும் ஒரே லாக்கை நாடுகின்றன என்பதை, நிஜமாக மாட்டிக்கொள்ளாமலே, இரண்டு வழியும் ஒவ்வொரு முறை ஓடியிருந்தாலே சொல்லிவிடும். ரவுட்டரில் மெமரி போதாது என்றால் பிரிட்ஜ் கோடை மட்டும் ஒரு விர்ச்சுவல் மெஷினில் ஓட்டிப் பாருங்கள். இந்தப் பிழைக்கு நிஜ போர்ட்டே தேவையில்லை.

ஹலோ நேரத்துக்கு 2 என்று எழுதினால் எரர் வருகிறது என்று கடைசி வரியில் கேட்டிருந்தீர்கள். சிஸ்எஃப்எஸ்ஸிலும் ஐபி கமாண்டிலும் அலகு விநாடியில் நூறில் ஒரு பங்கு. 2 விநாடிக்கு 200 என்று எழுத வேண்டும். 1 முதல் 10 விநாடி வரைதான் ஏற்கும், அதனால்தான் அந்த லூப்பில் 100 வைத்தார்கள்: அனுமதிக்கப்பட்டதில் மிகக் குறைந்தது, டைமர் சீக்கிரம் வெடிக்கும். பிஆர்சிடிஎல் மட்டும் விநாடியிலேயே வாங்கிக்கொண்டு தானே மாற்றிக்கொள்ளும். மல்ட்டிகாஸ்ட் குவெரி இடைவெளிக்கோ உங்கள் கெர்னலில் கீழ் எல்லையே இருக்காது. அதை மிகக் குறைவாக வைத்தால் மெஷினே படுத்துவிடும் என்று தெரிந்து 1 விநாடி எல்லையை 2021 கடைசியில்தான் சேர்த்தார்கள். உங்கள் டெஸ்ட் ஸ்கிரிப்ட் அதையும் தொடுகிறது என்றால், இந்தப் பேனிக்கைத் தீர்க்கும்வரை அந்த வரியை எடுத்துவிட்டு ஓட்டுங்கள். அப் நிபந்தனையைச் சேர்த்த பிறகும் விழுந்தால், டீபக் பில்டில் வரும் அந்த எச்சரிக்கை வரியை முழுசாகப் போடுங்கள், மேற்கொண்டு பார்க்கலாம்.